மணல் மேடு நடப்பது எப்படி?

கடற்காற்று நன்றாக வீசும் ஒரு பிற்பகலில், காய்ந்த கடற்கரை மணலில் நின்றிருக்கிறீர்களா? கணுக்காலில் ஊசி குத்துவது போல மணல் சுரீர் சுரீரென்று அடிக்கும். முகத்தில் ஏறக்குறைய ஒன்றும் படாது. காற்று மணலைத் தூக்கிச் செல்கிறது என்று சொல்கிறோம். அப்படித் தூக்கிச் செல்வதானால் முகத்திலும் அல்லவா அடிக்க வேண்டும்?

இதை முறையாக ஆராய்ந்தவர் ரால்ஃப் பாக்னால்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். பட்டாளத்தில் இருந்தவர். எகிப்து, லிபியா பாலைவனங்களில் மோட்டார் காரில் சுற்றித் திரிந்தவர். பிறகு காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, அதில் மணலைப் பறக்கவிட்டு அளந்து பார்த்தார். 1941-இல் அவர் வெளியிட்ட நூலை இத்துறையினர் இன்றும் புரட்டுகிறார்கள்.

மேடுகளில் உள்ள மணல் மணி பெரும்பாலும் 0.2 மி.மீ. அளவு குறுக்களவு கொண்டது. தூசியைப் போல இது வானில் மிதக்காது; அதற்கு இது மிகக் கனம். காற்று விநாடிக்கு 5 அல்லது 6 மீட்டர் வேகத்தைத் தாண்டும்போது மணிகள் தரையிலிருந்து துள்ளுகின்றன. துள்ளிய மணியைக் காற்று முன்னே தள்ளுகிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. ஆகவே அது தாழ்வாக, நீளமாக ஒரு தாவு தாவி விழுகிறது. விழும் வேகத்தில் வேறு சில மணிகளை மோதி எழுப்புகிறது. அவையும் தாவுகின்றன. ஒன்று பலவற்றைக் கிளப்ப, நொடியில் தரை முழுவதும் மணல் ஓடத் தொடங்குகிறது. தாவல் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுவதால்தான் உங்கள் முகம் தப்பியது.

தாவ முடியாத பெரிய மணிகளும் சும்மா இருப்பதில்லை. தாவி வரும் மணி ஒன்று, தன்னைப் போல் ஆறு மடங்கு குறுக்களவுள்ள மணியைக்கூட மோதி நகர்த்திவிடும். ஆறு மடங்கு என்பது சிறிதாகத் தோன்றலாம். எடையைக் கணக்கிடுங்கள்: 6 × 6 × 6 = 216 மடங்கு! ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்காது, ஆனால் இந்த மோதலைப் பார்த்தால் அந்தப் பழமொழியை ஒரேயடியாகத் தள்ளிவிடத் தோன்றவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பலத்த காற்றில் ஓடும் மணலின் அளவு, ஏறத்தாழ, காற்று வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. எனவே ஆண்டு முழுவதும் வீசும் மென்காற்றைவிட, சில வாரங்கள் வீசும் கடுங்காற்றே அதிக வேலை செய்கிறது.

சரி, ஓடும் மணல் ஏன் ஓரிடத்தில் குவிகிறது? கல்லும் கட்டியுமான தரையில் விழும் மணி பந்து போல எகிறி விரைகிறது. மணல் மீது விழுந்தாலோ, அதன் ஆற்றல் மற்ற மணிகளைச் சிதறடிப்பதில் செலவாகிவிடுகிறது, வேகம் தளர்கிறது. ஆகவே ஏற்கெனவே மணல் கிடக்கும் இடத்திலேயே மேலும் மணல் தங்குகிறது. பணம் பணத்தோடு சேரும் கதைதான்.

மேடு சற்று வளர்ந்ததும் அதுவே காற்றை மாற்றிவிடுகிறது. காற்று வரும் பக்கத்துச் சரிவில் ஏறும்போது காற்றின் வேகம் கூடுகிறது. அங்கே மணல் அரிக்கப்படுகிறது. உச்சியைத் தாண்டியதும் மறைவுப் பக்கத்தில் காற்று அடங்கிவிடுகிறது. சுமந்து வந்த மணல் அங்கே விழுகிறது. விழ விழச் சரிவு செங்குத்தாகி, சுமார் 34 பாகையைத் தாண்டியதும் மணல் பொலபொலவென்று சரிகிறது. இந்தக் கோணத்தை நீங்களே அளக்கலாம். காய்ந்த ஆற்று மணலைப் புனல் வழியாக மேசைமேல் மெதுவாகக் கொட்டிக் குவியுங்கள். குவியலின் விளிம்பிலிருந்து நடுவரை 3 செ.மீ. இருந்தால் உயரம் ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும்.

ஒரு பக்கம் அரிப்பு, மறுபக்கம் படிவு. இதுதான் மேட்டின் நடை. ஒரு மீட்டர் அகலத்தில் ஆண்டுக்கு 60 கன மீட்டர் மணல் உச்சியைத் தாண்டுவதாக வைத்துக்கொள்வோம். மேடு 3 மீட்டர் உயரமானால் ஆண்டுக்கு 60 ÷ 3 = 20 மீட்டர் நகரும். 12 மீட்டர் உயரமானால் 5 மீட்டர்தான். குட்டை மேடு வேகமாக ஓடும். உயரமான மேடு அசைந்து அசைந்து போகும். தனித்து நிற்கும் மேடு பிறை வடிவம் பெறுவதும் இதனால்தான்: ஓரங்கள் தாழ்வானவை, ஆகவே முந்திப் போய்க் கொம்புகளாக நீள்கின்றன. அந்த 12 மீட்டர் மேட்டின் நீளம் 120 மீட்டர் என்றால், மறைவுப் பக்கத்தின் அடிவாரத்தில் இன்று புதையும் மணி, மேடு முழுவதும் தன்னைக் கடந்த பிறகே வெயிலைப் பார்க்கும். அதற்கு 24 ஆண்டுகள் ஆகும். உங்களுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கியிருக்கும்!

நம் நாட்டில் இதைக் காணத் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளுக்குப் போக வேண்டும். இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணல் மேடுகள் அவை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று அங்கே பலமாக வீசுகிறது. பனையும் உடைமரமும் முந்திரியும் வேரூன்றிய இடங்களில் மணல் அடங்கிக் கிடக்கிறது. மரத்தை வெட்டினால் அந்த இடத்தைக் காற்று குடைந்தெடுக்கத் தொடங்கும்.

கடற்கரை மேடுகளில் அடம்பும் இராவணன் மீசையும் இதே காவலைச் செய்கின்றன. மணல் மூடினால் அவை சாவதில்லை. கணுவுக்குக் கணு புது வேர் விட்டு மேலே வருகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, உயர்ந்த மணல் மேடுகளின் பின்னால் இருந்த குடியிருப்புகள் பல தப்பின. கடல் தெரிய வேண்டும் என்பதற்காக மேட்டைச் சமப்படுத்துவோரைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாகத்தான் இருக்கிறது.

அழிந்த மேட்டைத் திரும்ப வளர்க்க முடியுமா? முடியும். அதற்குச் சுவர் கட்டக் கூடாது. சுவரில் மோதிய காற்று சுழன்று அடியைத் தோண்டும். ஓலையோ மிலாறோ கொண்டு, பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு வேலி கட்ட வேண்டும். இடைவெளியில் புகும் காற்று தளர்ந்து மணலை அங்கேயே போட்டுவிடும். வேலி புதைந்ததும் அதன் தலைமேல் இன்னொரு வேலி போட்டு, மேட்டில் அடம்பை நட்டு விடுவார்கள்.