ஜும்ஆ உரை: கல்யாணச் சேலையும் பக்கத்து வீட்டுத் தறியும்



போன வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தகப்பனார் என்னிடம் வந்து உட்கார்ந்தார். மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது. "ஹஜ்ரத், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு ஏழு பட்டுச் சேலை எடுக்கணும். தி.நகர்லதான் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. கையில பணம் இல்ல. வட்டிக்கு வாங்கினா குற்றமா?" என்று கேட்டார்.

வட்டி ஹராம். அதில் பேச்சே இல்லை. ஆனால் நான் அவரிடம் வேறொன்று கேட்டேன். "பாய், உங்க வீடு எங்கே?" "திருப்புட்குழி பக்கம் ஹஜ்ரத்." "உங்க தெருவிலே தறிச் சத்தம் கேட்குமா?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். காஞ்சிபுரத்திலும் பிள்ளையார்பாளையத்திலும் அய்யம்பேட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நெய்த சேலை சென்னைக்குப் போகிறது. அதை வாங்க நாம் பஸ் ஏறி சென்னைக்குப் போகிறோம். அதே சேலையை எடுத்துக்கொண்டு அதே சாலையில் திரும்பி வருகிறோம். நடுவில் அதன் மேல் ஏறுவது கடை வாடகை, விளம்பரம், கடைசியில் அந்தக் கட்டைப்பை. சம்பந்தி வீட்டார் கேட்பது சேலையைத்தானா, பையில் அச்சடித்த பெயரையா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு சட்டை இருந்தது. முரட்டுப் பருத்தித் துணி. விலை ஐந்து திர்ஹம். பிற்காலத்தில் அவர்கள் வீட்டுப் பணிப்பெண்ணே அதை வீட்டுக்குள் உடுத்தக் கூச்சப்பட்டாள். அதைப் பார்த்து ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பழைய செய்தியை நினைவுகூர்ந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் எந்தப் பெண்ணை மணக்கோலத்தில் அலங்கரித்தாலும், அந்தச் சட்டையை இரவல் கேட்டு இவர்களிடம் ஆள் அனுப்புவார்களாம். ஸஹீஹ் புகாரியில் வரும் செய்தி இது. மணப்பெண்ணின் உடை இரவல் உடையாக இருந்தது. அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. நம் வீடுகளிலோ, அக்கா ஒரே ஒரு நாள் உடுத்திய பட்டு பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும். தங்கைக்கு அது ஆகாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

பட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெண்களுக்குப் பட்டு ஆகுமானது. நெய்தவர் கையால் வந்த துணிக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த மதிப்பைக் கேளுங்கள். இதுவும் புகாரியில் உள்ளது. ஸஹ்ல் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு பெண்மணி 'புர்தா' என்ற மேலாடையைக் கொண்டுவந்து, தாங்கள் உடுத்துவதற்காக என் கையாலேயே நெய்தேன் என்றார். நபியவர்களுக்கும் அப்போது அது தேவையாக இருந்தது. வாங்கி உடுத்திக்கொண்டார்கள். பிறகு தோழர் ஒருவர் கேட்டதும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் அதைத் தமக்குக் கஃபனாக வைத்துக்கொண்டார். புர்தா என்றால் என்ன என்ற விளக்கமும் அந்த ஹதீஸிலேயே வருகிறது: கரை தனியாகத் தைக்கப்படாமல் துணியோடு சேர்த்தே நெய்யப்பட்டது.

தறி பார்த்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். காஞ்சிப் பட்டின் பெயரே அந்தக் கரையில்தான் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் தனியாகச் சமாளிக்க முடியாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல வீடுகளில் அது நெசவாளரின் மனைவி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். சேலையைத் திருப்பிப் பாருங்கள். கரையும் உடலும் சேரும் கோடு பின்பக்கம் கொஞ்சம் முரடாகத் தட்டுப்படும். அது குறை அல்ல, கை வேலையின் அடையாளம்.

ஏமாற்று எங்கே நுழைகிறது என்பதையும் சொல்கிறேன். சேலை கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டது என்று 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்று விற்கப்படுகிறது. ஜரிகையிலும் இதே கதை. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். முந்தானை ஓரத்து நூலைப் பற்ற வைத்தால், பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூல் உருகி மணி போல் கட்டிக்கொள்ளும். பட்டுக்கு 'சில்க் மார்க்' முத்திரை 2004-லும், கைத்தறிக்குத் தனி முத்திரை 2006-லும் வந்தன. காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதையெல்லாம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

இன்னொன்று, தரகர்கள். வெளியூர் கார் ஊருக்குள் நுழையும்போதே வழி காட்டுகிறேன் என்று ஒருவர் முன்னால் போவார். அவர் காட்டும் கடையில் அவருக்குக் கமிஷன், அது உங்கள் பில்லில் ஏறும். சரக்குக் கொண்டுவரும் கூட்டத்தாரை அவர்கள் சந்தைக்கு வரும் முன்பே வழியில் மறிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே மறிக்கப்பட்டவர் விற்பவர், இங்கே வாங்குபவர். விலை தெரியாதவரின் அறியாமையில் லாபம் பார்ப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

"அப்படின்னா நெசவாளர் வீட்டுக்கே போய் வாங்கிடலாமே ஹஜ்ரத்" என்றார் அந்தத் தகப்பனார். இங்கே கவனம் வேண்டும். தறியில் இருக்கும் சேலை பெரும்பாலும் நெய்பவருடையது அல்ல. பட்டும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கொடுத்தது. அவர் கூலிக்கு நெய்கிறார், அந்த நூல் அவர் கையில் அமானிதம். இரண்டாயிரம் குறையும் என்று அதை மறைவாகக் கேட்பது, ஓர் ஏழையை அமானித மோசடிக்கு இழுப்பது. சொந்த நூல் போட்டு நெய்பவரானால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் சங்கத்தின் விற்பனை நிலையத்துக்குப் போங்கள். காய்கறி பேரம் போல அவர் கூலியில் கை வைக்காதீர்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் ரஹ்மத்தை வேண்டி நபியவர்கள் துஆ செய்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளைமார்களுக்கு ஒரு வார்த்தை. பட்டும் தங்கமும் இந்த உம்மத்தின் ஆண்களுக்குத் தடுக்கப்பட்டவை. அபூதாவூதில் பார்க்கலாம். நான்கு விரல் அகலம் வரை பட்டுக் கரை இருக்கலாம் என்று முஸ்லிமில் உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. எனவே பட்டு வேட்டி, பட்டு ஷெர்வானி என்று கடைக்காரர் எடுத்துப் போட்டால், அசல் பட்டா செயற்கையா என்று கேளுங்கள். இந்த ஒரு இடத்தில் செயற்கை என்று பதில் வந்தால் சந்தோஷப்படலாம்!

அந்தத் தகப்பனார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் நானே பேசினேன். நல்ல மனிதர். தி.நகர் பேச்சு பெண்கள் மத்தியில் எழுந்தது, அவருக்கே தெரியாது. ஏழு சேலை சம்பந்திக்கு ஒரே சேலையாகக் குறைந்தது. மணப்பெண்ணுக்கு நிக்காஹ் சேலை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு, அதையும் இங்கேயே எடுக்க ஒத்துக்கொண்டார்கள். வலீமாவுக்கு அக்காவின் பட்டு. அந்தப் பெண்ணே முன்வந்து சொன்னதாம்.

இதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. தறியில் ஒரு பாவு ஏற்றினால் பெரும்பாலும் மூன்று சேலை இறங்கும். பாவு நிறம் ஒன்றாக இருந்தாலும் ஊடை நிறத்தை மாற்றினால் சேலையின் சாயல் மாறிவிடும். அந்த வீட்டுக்குத் தேவை இரண்டு, மூன்றாவது சேலைக்கு ஆள் தேடுகிறார்கள். இன்னும் மூன்று, நான்கு மாதத்தில் வீட்டில் நிக்காஹ் வைத்திருப்பவர்கள் தொழுகை முடிந்ததும் ஹவுள் பக்கம் முத்தவல்லியிடம் பெயர் சொல்லுங்கள். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குச் சேலை கைக்கு வரும் என்பதை எழுதி வாங்கிக்கொள்வோம்.