மண் உருவும் மாக்கோழியும்

கொலை தீது என்பதைச் சமணர் வீட்டுக் குழந்தை பேசக் கற்கும்போதே கற்றுக்கொள்கிறது. அக்குழந்தையே பதினைந்தாம் வயதில் "ஏன் தீது?" என்று திருப்பிக் கேட்டால் நாம் தரும் விடை யாது? "ஜினவாணி அவ்வாறு சொல்கிறது" என்போர் உண்டு. "பெரியோர் வகுத்த ஒழுக்கம்" என்போரும் உண்டு. முதல் விடையைக் கேட்ட பிள்ளை, "வேறு சமயத்தார் நூல் வேறு சொன்னால் அவர்களுக்குக் கொலை தீதன்றோ?" என்று வினவும். இரண்டாம் விடையைக் கேட்ட பிள்ளை, "வகுத்ததை மாற்றி வகுக்கலாமே" என்று வினவும். இரண்டும் நேர்மையான வினாக்கள். மாணாக்கரின் வினாவை அதட்டி அடக்கலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதற்பாடம். அதனை இங்கும் கடைப்பிடிப்போம்.

உலகைப் படைத்து ஆணையிடும் ஒரு கடவுளை நம் சமயம் ஒப்புக்கொள்வதில்லை. அருகன் சட்டம் இயற்றியவன் அல்லன். உள்ளதை முற்ற உணர்ந்து உரைத்தவன். நஞ்சு கொல்லும் என்று மருத்துவன் கூறியதனால் நஞ்சுக்கு அவ்வாற்றல் வந்துவிடவில்லை. அவன் கூறாதிருந்தாலும் அது கொல்லும். அதுபோலவே ஓர் உயிரை வதைத்தலின் தீமை, அதனைத் தீதென்று ஒருவர் சொன்னதால் விளைந்ததன்று. ஏறக்குறைய இதே வினாவைச் சாக்ரடீசு எழுப்பியதாகப் பிளேட்டோவின் 'யூதிப்ரோ' என்னும் உரையாடல் காட்டுகிறது. தேவர்கள் விரும்புவதால் ஒரு செயல் நற்செயலாகிறதா, நற்செயல் ஆதலால் தேவர்கள் அதனை விரும்புகின்றனரா என்பதே அவ்வினா. அவ்வுரையாடல் முடிவு காணாமலே கலைந்துபோகிறது. நாம் ஐயத்திற்கிடமின்றி இரண்டாவது பக்கத்தில் நிற்பவர்கள்.

இனி நம் தமிழ்க் காப்பியங்களுக்கு வருவோம். ஐஞ்சிறு காப்பியங்களுள் நீலகேசியும் யசோதர காவியமும் ஒரே பொருளைத் தொடுகின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று முரணுவதுபோல் தோன்றும்.

நீலகேசியில், பாஞ்சால நாட்டிலே காளி கோயிலுக்குப் பலி கொண்டுவந்த மக்களிடம் முனிச்சந்திரர் என்னும் முனிவர், உயிருள்ள விலங்குக்கு மாற்றாக மண்ணாற் செய்த உருவை வைத்து வேண்டுதலை நிறைவேற்றலாம் என்று எடுத்துரைக்கிறார். மக்களும் அவ்வாறே செய்கின்றனர். பலியிழந்த காளி சினந்து, பழையனூர் நீலியைத் துணைக்கு அழைக்கிறாள். நீலி முனிவரை அச்சுறுத்த வந்து, தோற்று, அவருக்கே மாணாக்கி ஆகிறாள். பிறகு அவள் ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரோடு வாதிடுவதே காப்பியத்தின் பெரும்பகுதி.

யசோதர காவியத்திலோ, தீக்கனாக் கண்ட மன்னன் யசோதரனிடம் அவன் தாய் சந்திரமதி, தேவிக்குப் பலி கொடுக்குமாறு வற்புறுத்துகிறாள். உயிர்க்கொலைக்கு அவன் மனம் இசையவில்லை. தாயின் சொல்லையும் தட்ட இயலவில்லை. மாவினால் கோழி ஒன்று செய்து, அதனை வாளால் வெட்டிப் பலியிடுகிறான். விளைவு? தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர்.

மண் உருவம் நன்று, மாக்கோழி தீது. இஃது எவ்வாறு பொருந்தும்? இரண்டிலும் ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. வேறுபாடு உள்ளத்தில் இருக்கிறது. மண் உருவை வைத்தவர் கொல்லும் எண்ணத்தைக் கைவிட்டு வைத்தனர். மன்னனோ கோழியைக் கொல்வதாகவே கருதி வாளை ஓங்கினான். திரவிய இம்சை, பாவ இம்சை என்று நம் ஆசிரியர்கள் பிரித்தது இதனையே. (இங்கே 'பாவ' என்பது உள்ளக் கருத்தைக் குறிக்கும் வடசொல், தீவினை என்று பொருள் கொள்ளலாகாது. பலர் தடுமாறும் இடம் இது.) தத்துவார்த்த சூத்திரமும் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிரைப் போக்குதலை மட்டும் சொல்லாமல், விழிப்பற்று வேட்கை வயப்பட்ட மன மொழி மெய்ச் செயலை முன்வைக்கிறது.

கூர்மையான மாணாக்கர் இங்கே நம்மை மடக்குவர். "தீமை உள்ளத்தைப் பொறுத்ததென்றால், அவரவர் நினைப்புத்தானே அறம்? எல்லார்க்கும் பொதுவான அறம் எங்கே?" என்பர். விடை கதையிலேயே இருக்கிறது. தான் செய்வது குற்றமற்றது என்று யசோதரன் நம்பினான். தாயும் அவ்வாறே நம்பினாள். அந்நம்பிக்கை அவர்களைக் காக்கவில்லை. ஒருவன் உள்ளத்தில் கொலைக்கருத்து எழுந்தது என்பது ஒரு நிகழ்ச்சி. அதனைப் பற்றி அவன் கொள்ளும் அபிப்பிராயம் வேறு. காய்ச்சல் உடம்பினுள்ளே இருப்பதனால் அஃது அவனவன் கருத்தைப் பொறுத்தது என்று எவரும் சொல்வதில்லை. உள்ளத்தில் நிகழ்வதும் உள்பொருளே.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடை செய்து 1950-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. 1960-ஆம் ஆண்டின் மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, ஒரு சமயம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வது அச்சட்டப்படி குற்றமாகாது என்கிறது. சமயத்தின் பெயரால் கொல்வதை ஒன்று குற்றமாக்க, மற்றொன்று அதற்கு விலக்களிக்கிறது! பழைய தடைச்சட்டத்தைக் கண்டிப்புடன் செயற்படுத்த 2003-இல் தமிழக அரசு ஆணையிட்டது. கிராம தெய்வங்களை வழிபடுவோரிடையே எதிர்ப்பு மூண்டது. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது.

அந்த ஆணையை வரவேற்றவர் நம்மவருள் பலர், நீக்கியபோது வருந்தினர். அவ்வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும், எதிர்த்தவர் எழுப்பிய ஒரு வினாவை நாம் தட்டிக்கழிக்கலாகாது. இறைச்சிக் கடையில் ஆடு வெட்டப்படுவதைத் தடுக்காத சட்டம், ஐயனார் திடலில் வெட்டுவதை மட்டும் தடுப்பானேன்? வெட்டுண்ணும் ஆட்டின் வலி இரண்டிடத்தும் ஒன்றே. அப்படியிருக்க அச்சட்டம் காத்தது உயிரையா, சிலரது கண்ணின் நாகரிகத்தையா? அறம் எல்லார்க்கும் பொது என்று வாதிடும் நாம், ஏழையின் வழிபாட்டை மட்டும் குறிவைக்கும் அறத்தை ஏற்க இயலாது என்பது என் துணிபு. முனிச்சந்திரர் தடையாணை வேண்டி மன்னனிடம் செல்லவில்லை. பலியோடு வந்தவரிடமே பேசினார்.

அறம் சமயத்துக்கு வெளியேயும் நிற்கிறது என்றால் சமய நம்பிக்கை எதற்கு? எங்கள் ஊர் மறைமலை அடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கியது. அவர் சிவனை முழுமுதற் கடவுளாகக் கொண்டவர். நாமோ படைப்புக் கடவுளையே மறுப்பவர். புலால் மறுத்தலில் அவரும் நாமும் ஓரணி. கொலையும் புலாலும் தவிர்த்தவரே வடலூர் ஞானசபையினுள் புகலாம் என்று விதித்த வள்ளலாரும் (1823–1874) அவ்வணியே. கடவுட் கொள்கையில் வெவ்வேறு திசையில் நிற்போர் ஓரிடத்தில் வந்து கூடுகின்றனர் என்றால், அவ்விடம் எந்த ஒரு சமயத்தின் தனிச்சொத்தும் அன்று என்றே கொள்ளவேண்டும்.

நம்பிக்கை மட்டுமே அறத்தைக் காட்டிவிடும் என்பதற்கும் உறுதியில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் உள்ளே கொற்றவையின் காலடியில் ஒருவன் மண்டியிட்டுத் தன் தலையையே அரிய முற்படும் சிற்பம் உண்டு. அவன் நம்பிக்கையை யார் குறை சொல்ல இயலும்? சிறிது தொலைவில், அருச்சுனன் தபசுப் பாறையில், எலிகள் சூழ நின்று தவமியற்றும் பூனையும் இருக்கிறது. பல்லவச் சிற்பிக்கு நகைச்சுவை நிரம்ப இருந்திருக்கிறது.

ஆயினும் நம் ஆசிரியர்கள் நற்காட்சியை முதலில் வைத்து, நல்ஞானம், நல்லொழுக்கம் என்று அடுக்கினர். காட்சி, அறத்தை உண்டாக்குவதன்று. இருப்பதைக் காணக் கண்ணைத் தருவது. கண் பழுதானால் விளக்கு ஏற்றியும் பயனில்லை. கண் இருந்தும் நடவாதவனுக்கு வழி அறிந்ததால் மட்டும் பயனில்லை.

எஞ்சியது ஒரு தடை. "அநேகாந்தவாதம் பேசும் நீங்கள், கொலை ஒரு நோக்கில் நன்று, ஒரு நோக்கில் தீது என்று ஏன் ஒப்பலாகாது?" என்று சிலர் கேட்கின்றனர். அநேகாந்தம், ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உள என்றும், அவற்றை ஒரே சொல்லில் அடக்கலாகாது என்றும் கூறுகிறது. அத்தன்மைகள் யாவும் பொருளில் உள்ளவை. காண்பவன் விருப்பப்படி ஏற்றியவை அல்ல. பலியிடுவோனின் நோக்கை நாம் கேட்டறியவேண்டும் என்பது உண்மை. ஆனால் எண்ணும்போது கத்தியின் கீழ் நிற்கும் ஆட்டின் நோக்கையும் சேர்த்தே எண்ணவேண்டும். பலியைப் பற்றிய வழக்குகளில் அந்த ஒரு நோக்கைத்தான் எவரும் சாட்சிக் கூண்டில் ஏற்றியதில்லை.