குருதி சொல்லும் செய்தி

நுழையும்முன்

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு நோய் வரும் வாய்ப்பைப் பெற்றோரின் குருதித் துளி கொண்டு இன்று கணிக்க முடிகிறது. அவ்வறிவை அறத்தோடு கையாளும் முறையைச் சிந்திக்கத் தூண்டுகிறது இப்பாடம்.

உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் உண்டு. மாமன் மகளும் அத்தை மகனும் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெற்றிருப்பர். ஆதலால், குடும்பத்தில் மறைந்திருக்கும் மரபணு மாற்றம் இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. மரபணுப் பரிசோதனை இதனை முன்னரே அறிய உதவுகிறது.

அப்பரிசோதனையின் பயனையும் இடரையும் உணரக் கதிர் அரிவாள் இரத்தசோகை தக்க சான்றாகும். இந்தியாவில் இதற்குரிய மரபணு மாற்றம் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே முதன்முதலாக அறியப்பட்டது. இம்மாற்றத்தால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைகின்றன. நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துக் கடும் வலியைத் தருகின்றன. மாறிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவரே நோயாளி. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரைக் ‘கடத்தி’ என்பர். அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கடத்திகள் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. வராதிருக்க நான்கில் மூன்று வாய்ப்பு உண்டு.

இக்கணக்கை அறியாதோர் கடத்தியையும் நோயாளி எனக் கருதிவிடுகின்றனர். 1970களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே இப்பரிசோதனை பரவியபோது, நலமாக இருந்த கடத்திகள் சிலருக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. நம் நாட்டில் அம்மறுப்பு திருமணப் பேச்சில் நேரக்கூடும். தாய், தந்தை இருவருக்கும் சம பங்கு இருந்தும், பழி பெண்மீதே சுமத்தப்படுவதுண்டு.

இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதனை முடிவைக் குறித்த அட்டையும் வழங்கப்படுகிறது. அம்முடிவு உரியவருக்கே சொந்தம். அவர் இசைவின்றிப் பிறருக்கு வெளிப்படுத்துவது முறையாகாது.

மாறிய மரபணுவை இழிவாகக் காண்பதும் பிழையே. இம்மாற்றம் கடத்திகளைக் கடும் மலேரியாவிலிருந்து காத்ததனாலேயே தலைமுறைதோறும் நிலைபெற்றது. மேலும், நோய்க்கு மூலம் மரபணுவே ஆயினும், துன்பத்தின் அளவை அது மட்டுமே முடிவு செய்வதில்லை. உரிய மருந்தும் தடுப்பூசியும் அருகிலேயே மருத்துவமும் கிடைப்பின் வலி குறையும், வாழ்நாள் நீளும். ‘பரம்பரை நோய்’ என்று கூறி ஒதுங்கிக்கொள்வது, செய்ய வேண்டிய கடமையைத் தட்டிக் கழிப்பதாகும்.

பரிசோதனைக்கு முன் தெளிவான விளக்கமும் இசைவும் வேண்டும். பின்னர் ஆலோசனையும் மறைகாப்பும் வேண்டும். இவை இல்லையேல், நோயைத் தடுக்கப் பிறந்த அறிவே மனிதரைப் பிரிக்கும் முத்திரையாகிவிடும்.

கற்பவை கற்றபின்

திருமணத்திற்கு முன் மணமக்கள் இருவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதைக் கட்டாயமாக்கலாமா? வகுப்பில் கலந்துரையாடுக.