எந்த மொழியில் ஞாபகம்?

களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் மலையாளம், தெருவில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ். 1956-ல் இந்த ஊர்கள் இருக்கும் விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் தமிழ்ப் பாடமும் கட்டாயம். இப்படிப்பட்ட பிள்ளை வாசிக்கத் திணறினால், டிஸ்லெக்சியாவா, மொழிப் பழக்கம் போதவில்லையா என்று பிரித்துப் பார்ப்பதுதான் சிறப்பாசிரியரான எனக்குப் பெரிய பாடு.

அப்படிப் பிரித்துப் பார்க்கும்போது, எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பது வழக்கமான ஞாபகச் சோதனை. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழில் நாலு எண்ணோடு நின்றுவிட்டான். "அம்மைக்க போன் நம்பரு சொல்லு மக்களே" என்றேன். இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தான். அது மனப்பாடம், கணக்கில் சேராது. ஆனால் எண் அவனுக்கு எந்த மொழியில் ஓடுகிறது என்று தெரிந்துபோயிற்று. இங்கிலீஷில் புது வரிசை கொடுத்ததும் ஆறு வரை போனான். உச்சரிக்க நேரம் பிடிக்கும் எண்கள் குறைவாகவே மனத்தில் தங்கும் என்பதை, வெல்ஷும் இங்கிலீஷும் பேசுபவர்களை வைத்து 1980-லேயே எல்லிஸ், ஹென்னெலி இருவரும் காட்டியிருக்கிறார்கள். 'நயன்' சொல்லும் நேரத்தில் 'ஒன்பது' முடியாது. அதனால் இரண்டு மொழியிலும் பாருங்கள். கூடுதலாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஓர் எண், ஏற்ற இறக்கம் இல்லாமல். ஒரே எண் அடுத்தடுத்து வரக் கூடாது. பிள்ளைகள் அதை 'டபுள் செவன்' ஆக்கிவிடுவார்கள்.

பொருளில்லாத சொற்களைத் திருப்பிச் சொல்லவைக்கும்போது இன்னொரு வம்பு. சென்னையில் உட்கார்ந்து 'ஓந்து' என்று எழுதினால் அங்கே வெறும் ஓசை. இங்கே அது வேலியில் தலையாட்டும் ஓணான். பட்டியலை உள்ளூர் மலையாளம் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் பயன்படுத்தாதீர்கள்.

மொழிப் பழக்கம் மட்டும் குறைந்த பிள்ளை, வீட்டு மொழிக்கு வந்தால் தேறிவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை கதையை அழகாகத் திருப்பிச் சொல்லும். ஆனால் சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல் என்றால், எந்த மொழியிலும் தடுமாறும். படங்களின் பெயரை மளமளவென்று சொல்வதிலும் பெரும்பாலும் அதே இழுபறிதான். கண், காதுப் பரிசோதனை இதற்கெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எந்த மொழியில் சோதித்தார்கள் என்று எழுதாத அறிக்கையை யாராவது கொண்டுவந்தால், மதிப்பெண்ணைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.