அர்ச். பர்னபாசும் நமது பங்கின் பேச்சும்



ஜூன் மாதம் பிறந்தால் நம்மவர்களுக்கு ஞாபகம் வருகிறவர் அர்ச். அந்தோணியார். கொடியேற்றம், நவநாள், தேர், பொரி, அன்னதானம் என்று 13-ந் தேதி மட்டும் வேறு நினைப்புக் கிடையாது. அந்தக் கூட்டத்திலும் கொட்டு முழக்கத்திலும், அதற்கு இரண்டு நாள் முந்தி 11-ந் தேதியில், வேறொரு பெரிய அர்ச்சியசிஷ்டவர் சத்தமில்லாமல் வந்து போய்விடுகிறார். அவர்தான் அர்ச். பர்னபாஸ். நமது கோவில் ஞானஸ்நானப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் பேர் தரித்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. பூசையில் குருவானவர் முதலாம் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது முடியப்பர், மத்தியாஸ் பேர்களை அடுத்து இவர் பேரும் வரும். அந்த மன்றாட்டு நீளம் என்று நாங்களும் அடிக்கடி சொல்வதில்லை. ஆகையால் குற்றம் எங்கள் பேரிலும் உண்டு.

இந்த வாரப் பாடத்துக்கு அவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

அவருடைய சொந்தப் பேர் சூசை. சைப்பிரஸ் தீவிலே பிறந்த லேவி கோத்திரத்தார். அவர் குணத்தைப் பார்த்து அப்போஸ்தலர்கள் இட்ட பேர்தான் பர்னபாஸ். அதற்கு ஆறுதலின் மகன் என்று அர்ச். லூக்காஸ் பொருள் சொல்லுகிறார். ஒருவனுக்கு ஊரார் பட்டப்பேர் வைப்பது நாம் அறிந்ததே. நொண்டி, கஞ்சன், வாயாடி என்று ஊனத்தையும் குற்றத்தையும் பார்த்து வைப்பதுதான் வழக்கம். ஆதித் திருச்சபையிலோ ஒருவரிடமிருந்த நன்மையைப் பார்த்துப் பேர் வைத்தார்கள், அந்தப் பேரே நிலைத்தும் விட்டது. அவர் தம்முடைய நிலத்தை விற்று, அந்தப் பணத்தை அப்போஸ்தலர்களின் பாதத்தில் வைத்தார். அதைவிடப் பெரிய தர்மம் ஒன்றைப் பின்னாலே செய்தார். அதற்கு ஒரு காசும் செலவாகவில்லை.

சவுல் என்னும் சின்னப்பர் மனந்திரும்பினபின் ஜெருசலேமுக்கு வந்த சமயம். கிறீஸ்தவர்களோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தார். அவர்களோ எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள். அவர் சீஷராகிவிட்டார் என்று ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் பயந்ததைக் குறை சொல்ல நமக்கு நியாயமில்லை. அர்ச். முடியப்பரைக் கல்லெறிந்து கொன்றபோது, எறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளை இந்தச் சவுலின் காலடியில்தான் வைத்தார்கள். வீடு வீடாய் நுழைந்து ஆண், பெண் என்று பாராமல் இழுத்துக்கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தவரும் இவரே. அந்தச் சபையிலே புருஷனைப் பறிகொடுத்தவளும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் இருந்திருக்கக் கூடாதா? அவர்கள் கூடியிருந்த இடத்தின் வாசலிலே இப்பொழுது அந்த மனுஷனே வந்து நிற்கிறான். கதவைத் திறக்க யாருக்குத்தான் கை வரும்?

நன்றாய்க் கவனியுங்கள். சவுலைப்பற்றி அன்றைக்கு ஜெருசலேமில் பேசப்பட்ட பேச்செல்லாம் உண்மைப் பேச்சு. ஒரு வார்த்தைகூடப் பொய்யல்ல. ஆனாலும் அது பழைய உண்மை. தமாஸ்கு வழியிலே ஆண்டவர் அவரைத் தடுத்தாட்கொண்டார் என்பதும், அவர் அதே தமாஸ்குவில் சேசுவின் நாமத்தினாலே பயமின்றிப் பிரசங்கித்தார் என்பதும் புதிய உண்மை. பழையது எல்லார் வாயிலும் இருந்தது. புதியதைச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது. பர்னபாஸ் அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அப்போஸ்தலர்களிடம் போனார். நடந்ததை விவரமாய்ச் சொன்னார். இவன் ஒரு குற்றமும் செய்யாதவன் என்று அவர் பொய் சொல்லவில்லை. மீதிக் கதையைச் சொன்னார், அவ்வளவே. அந்த வருகையில் சின்னப்பர் இராயப்பரோடு 15 நாள் தங்கியதாகக் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் தாமே சொல்லுகிறார். சிறையில் அடைக்க வந்த மனுஷன் விருந்தாளியாய்த் தங்கினான்!

இங்கே ஞானோபதேசத்தில் படித்ததைச் சற்று ஞாபகப்படுத்துகிறேன். எட்டாம் கற்பனைக்கு விரோதமாய்ப் பிறர் பேரைக் கெடுக்கும் பாவங்களில் அவதூறு ஒன்று, புறணி ஒன்று. இல்லாததைச் சொல்லுவது அவதூறு. இருக்கிற குற்றத்தையே தகுந்த காரணமின்றி, அறியாதவர்களுக்குப் போய்ச் சொல்லுவது புறணி. “சாமி, நான் பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்?” என்று பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே பலர் என்னிடம் வழக்காடியிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னதுதான் புறணி என்கிற பாவம். இல்லாததைச் சொல்லியிருந்தால் அதற்கு வேறு பேர். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலில் இன்னும் ஒருபடி மேலே போகிறார். இருவருக்குள்ளே இருக்கும் சிநேகத்தை முறிப்பதற்காகக் கோள் சொல்லுவது புறணியைவிடப் பெரிய பாவம் என்பது அவர் தீர்ப்பு. மனுஷனுக்கு மானத்தைக் காட்டிலும் சிநேகிதன் பெரிய பாக்கியம் என்பது அவர் காட்டும் நியாயம். புறணியைத் தூண்டிவிட்டுக் கேட்கிறவனும், பிறன் மேலுள்ள பகையால் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவனும் சொல்லுகிறவனுக்குக் குறைந்த குற்றவாளியல்ல என்றும் எழுதியிருக்கிறார். முந்தி கிணற்றடியில் நாலு பேர் கேட்டார்கள். இன்றைக்குக் கைபேசியில் நானூறு பேர் கேட்கிறார்கள். பாவத்தின் இலக்கணம் மாறவில்லை, எண்ணிக்கைதான் ஏறியிருக்கிறது.

இதைத் தப்பாக அர்த்தம்பண்ணிக்கொள்ள வேண்டாம். ஒருவனால் பிள்ளைகளுக்கோ, பெண்களுக்கோ, யாருக்காகிலும் ஆபத்து உண்டென்று அறிந்தால், அதை உரியவர்களிடத்திலும் காவல் துறையிடத்திலும் சொல்லியே தீரவேண்டும். அதை மூடி மறைப்பது பிறர்சிநேகமல்ல, துரோகம். நான் சொல்லுவது வாய் அரிப்புக்குச் சொல்லும் பேச்சைப்பற்றி.

திருடினவன் திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பேரைக் கெடுத்தவனும் அதைத் தன்னாலானமட்டும் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறான்; பாவம் பொறுக்கப்பட்டாலும் இந்தக் கடமை நீங்குவதில்லை. இதை எழுதுகிற நானே ஒரு கடனை முழுதும் தீர்த்தேனோ என்று சந்தேகப்படுகிறவன். சொல்லிவிடுகிறேன்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் உதவிக் குருவாக இருந்த ஓர் ஊரில், சிறைத் தண்டனை முடிந்து ஒரு கொத்தனார் வந்து சேர்ந்தார். களவுக் குற்றம். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பூசைக்கு வந்து கடைசித் தூணுக்குப் பின்னால் முழந்தாளிட்டார். மறு ஞாயிறு பூசைக்குமுன் நான் கோவில்பிள்ளையைக் கூப்பிட்டு, வாசலில் இருக்கும் உண்டியலைத் தூக்கி உள்ளே சக்கிறீஸ்து அறைப் பக்கம் வைக்கச் சொன்னேன். யார் பேரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு ஆள் அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த மனுஷன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறு வெளியே மரத்தடியில் நின்றார். அப்புறம் வரவில்லை.

அந்த ஊரில் பழைய உபதேசியாரின் விதவை ஒருத்தி இருந்தாள். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அவள் அந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக் கூரையில் உடைந்துகிடந்த ஓடுகளை மாற்றச் சொன்னாள். கூலியைச் சாயங்காலமே எண்ணிக் கொடுத்தாள். பத்து நாளில் நல்ல மழை. அந்த ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் கூடி நிற்கும் இடத்தில் நின்று, “ராத்திரி அடிச்ச மழையிலே எங்க வீட்டிலே ஒரு சொட்டு ஒழுகலை. பிள்ளை சுத்தமா வேலை செஞ்சிருக்கான்” என்று அவர் பேரைச் சொல்லி உரக்கச் சொன்னாள். சுவிசேஷம் வாசித்ததுபோல எல்லாரும் கேட்டார்கள். மழைக்காலத்திலே ஒழுகாத கூரையைவிட நல்ல செய்தி எது? அந்த மாதத்திலேயே அவருக்கு நாலு வீட்டு வேலை கிடைத்தது.

என்னிடம் அவள் ஒரு புத்தியும் சொல்லவில்லை. ஒருநாள் மாத்திரம், “சாமி, உண்டியலை எதுக்கு அவ்வளவு உள்ளே கொண்டுபோய் வச்சிருக்கீங்க? கிழவிக்கு நடக்க முடியலை” என்றாள். அன்று மாலை அதை நானே வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து வைத்தேன். பிறகு அந்த மனுஷனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதனாலென்ன சாமி” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தாரா, மரியாதைக்குச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

பர்னபாசின் கதைக்குத் திரும்புவோம். அந்தியோக்கியாப் பட்டணத்தில் யூதரல்லாதவர்களும் சத்தியவேதத்தில் சேருகிறார்கள் என்கிற சங்கதி ஜெருசலேமுக்கு எட்டியது.  விசாரித்து வரும்படி பர்னபாசை அனுப்பினார்கள். விசாரணைக்கு வருகிறவர் பெரும்பாலும் குற்றப் பட்டியலோடுதான் திரும்புவார். இவரோ போனார், சர்வேசுரனுடைய வரப்பிரசாதம் அங்கே செய்திருப்பதைக் கண்டார், சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டார் என்று லூக்காஸ் எழுதியிருக்கிற இந்த ஒரு சொல்லுக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த வீட்டுக்காரனுக்கு வந்த நன்மையைக் கண்டு துக்கப்படாமல் சந்தோஷப்படுவது சின்னக் காரியமல்லவே. பிறகு அந்த வேலை ஒருவரால் ஆகாதென்று கண்டு, நூறு மைலுக்கு மேற்பட்ட வழிநடந்து தர்சு பட்டணம் போய், அங்கே ஒதுங்கியிருந்த சின்னப்பரைத் தேடி அழைத்துவந்தார். ஒரு வருஷம் முழுதும் இருவருமாய் உபதேசித்தார்கள். சீஷர்களுக்குக் கிறீஸ்தவர்கள் என்ற பேர் முதன்முதல் வழங்கினது அந்தப் பட்டணத்திலேதான். கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளவுதியு இராயன் காலத்தில் பஞ்சம் வந்தபோது, அந்தப் புதுக் கிறீஸ்தவர்கள் தங்கள் தங்கள் சக்திக்கேற்றபடி பணம் சேர்த்து, சுமார் 300 மைலுக்கு அப்பாலிருந்த யூதேயாவின் சகோதரர்களுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோனவர்கள் பர்னபாசும் சின்னப்பரும். முன்னே பயந்து கதவைச் சாத்தின சபைக்கு உதவி கொண்டுவந்தது யாருடைய கை பார்த்தீர்களா?

பர்னபாசும் குறையற்றவரல்ல. பின்னொரு தரம் அந்தியோக்கியாவில், ஜெருசலேமிலிருந்து வந்த சிலர் என்ன சொல்லுவார்களோ என்று, யூதரல்லாத கிறீஸ்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை இராயப்பர் விட்டுவிட்டபோது இவரும் கூடச் சேர்ந்து விலகிக்கொண்டார். பர்னபாசுமா என்று சின்னப்பர் வருத்தத்தோடு எழுதுகிறார். பந்தியில் வேறுபாடு காட்டுகிற நோய் எவ்வளவு பழையது பாருங்கள்! நல்லவர்களையும் அது பிடிக்கும். நமது ஊர்ப் பந்திகளைப்பற்றி வேறொரு வாரம் எழுதவேண்டியிருக்கிறது.

மாற்கு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதற் பயணத்தில் பம்பிலியா நாட்டிலே பாதி வழியில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்ட வாலிபன் அவன். மறுபடியும் அவனை அழைத்துப்போகக் கூடாதென்று சின்னப்பர். அழைத்துத்தான் போகவேண்டுமென்று பர்னபாஸ். சச்சரவு முற்றி இருவரும் பிரிந்தே போனார்கள். மாற்கு பர்னபாசுக்கு உறவின்முறையார் என்பதால் பட்சபாதம் என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் பிற்காலத்தில் அதே சின்னப்பர், மாற்கு தமது ஊழியத்துக்குப் பிரயோசனமானவர் என்றும், அவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும் தீமோத்தேயுவுக்கு எழுதும்படி ஆயிற்று. இரண்டாம் சுவிசேஷத்தை எழுதினவர் இந்த மாற்குவே என்று திருச்சபை பூர்வீகந்தொட்டுச் சொல்லிவருகிறது. பூசையில் நாம் கேட்கிற சின்னப்பருடைய நிருபங்களும் மாற்குவின் சுவிசேஷமும் இப்படி ஊரார் நம்பாத இரண்டு பேர் வழியாய் நமக்கு வந்திருக்கின்றன. இரண்டு பேருக்கும் பக்கத்தில் நின்றவர் ஒருவரே.

இப்போது காரணத்தைச் சொல்லுகிறேன். வெகு காலத்துக்குப்பின் நமது பங்குக்குத் திரும்பி வந்திருக்கிற ஒரு குடும்பம் உண்டு. யாரென்று எழுதமாட்டேன். எழுதாமலே உங்களுக்குத் தெரியும், எனக்கு அதுதான் துக்கம். அந்த வீட்டுத் தகப்பனைப்பற்றி மூன்று வாரமாக வேப்பமரத்தடியில் நடக்கும் பேச்சு என் காதுக்கு வந்தது. அது பழைய சங்கதி. அதற்குரிய தண்டனையும் கடனும் தீர்ந்துவிட்டன என்பதை விசாரித்து நான் அறிவேன். அந்த வீட்டுப் பிள்ளை புதுநன்மை வகுப்புக்கு வருகிறது. மந்திரங்களெல்லாம் தப்பில்லாமல் சொல்லுகிறது. போன வாரம் இரண்டு தாய்மார் வந்து, தங்கள் பிள்ளைகளை அதற்குப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் முடியாது என்று சொன்னேன். சொன்ன விதம் கொஞ்சம் கடுமையாய் இருந்துவிட்டது; அதற்காக அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர்கள் கெட்டவர்களல்லர், பயந்தவர்கள்.

புதுநன்மை நாளில் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராய்க் கைகோத்து, மெழுகுதிரி ஏந்திப் பீடத்துக்கு வருவது நமது வழக்கம். சோடி சேர்த்த பட்டியலைக் கோவில் கதவில் நான் இன்னும் ஒட்டவில்லை. அது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு வரியில் ஒரு பேர் மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அதை நானே நிரப்பிவிடலாம். பங்குக்குருவின் உத்தரவென்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டீர்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை நவநாள் முடியும்வரைக்கும் காத்திருக்கப் போகிறேன். எந்தத் தாயாராவது வந்து தன் பிள்ளையின் பேரைச் சொல்லலாம். அறைக் கதவு திறந்தே இருக்கும்.

உங்கள் பங்குக்குரு