இயர் பேட் மாத்தப் போறியா? ஒரு நிமிஷம் நில்லு!

தம்பி, ஹெட்போன் பேட் செதில் செதிலா உதிர ஆரம்பிச்சாச்சா? நம்ம ஊர் வெயில், வியர்வை, தலைக்கு வெக்கிற எண்ணெய் எல்லாம் சேர்ந்தா ரெக்சின் எத்தனை நாள்தான் தாங்கும்! மாத்து, தப்பே இல்லை. ஆனா மெத்துன்னு இருக்கு, விலையும் கம்மின்னு கண்ணுல பட்டதை மாட்டிட்டு, "அக்கா, பாட்டுல பேஸையே காணோம்"னு வந்து நிக்காதே.

ஸ்பீக்கருக்குப் பெட்டி எப்படியோ, ஹெட்போனுக்கு பேட் அப்படி. காதைச் சுத்தி இடுக்கு விழுந்தா முதல்ல ஓடிப்போறது பேஸ்தான். அளந்து பார்த்தா 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிராஃப் கோடு சரிஞ்சு இறங்கறது தெரியும். மூடின வகை ஹெட்போன்ல இது இன்னும் மோசம். கண்ணாடி போடுறவங்களுக்கு ஃபிரேமே அந்த இடுக்கை உண்டாக்கிடும்.

வெல்வெட் பேட்ல அவ்வளவா வேர்க்காது, ஆனா காத்து ஊடுருவும். ரெக்சின் பேடோட வந்த ஹெட்போன்ல அதைப் போட்டா பேஸ் குறையறது சகஜம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓம் மாடல் வெல்வெட்டோடயே வருதேன்னு கேப்பே. அதை அந்தத் துணிக்குத் தக்கபடிதான் ட்யூன் பண்ணியிருக்காங்க.

தடிமனையும் பாரு. பேட் உயரமானா டிரைவர், அதாவது உள்ளே இருக்குற குட்டி ஸ்பீக்கர், காதை விட்டுத் தள்ளிப் போகும், அமுங்கினா கிட்ட வரும். ரெண்டுலயுமே குரலும் ட்ரெபிளும் மாறும். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 வெச்சிருக்கவங்க, "பழசாயிடுச்சு, சத்தம் சரியில்லை"ன்னு விக்கறதுக்கு முன்னாடி புது பேட் போட்டுக் கேட்டுப் பாருங்க.

வீட்டுலயே ஒரு சோதனை: 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ரெண்டு கப்பையும் உள்ளங்கையால மெதுவா அழுத்து. பேஸ் சட்டுன்னு ஏறினா பேட் கசியுது.

மைக் வெச்சு அளக்குற ஆளா நீ? ஒரே தடவை அளந்துட்டு முடிவு கட்டாதே. கழட்டிக் கழட்டி மாட்டி, நாலஞ்சு தடவை அளந்து சராசரி எடு. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல தெரியற மேடு பள்ளமெல்லாம் ஹெட்போன் துளி நகர்ந்தாலே இடம் மாறும், அதை நம்பாதே. பழைய பேடையும் புதுசையும் ஒரே மைக், ஒரே இடம், ஒரே வால்யூம்ல அளந்து, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாரு.

முக்கியமா, நெட்ல கிடைக்கிற ஈக்வலைசர் செட்டிங் எல்லாம் பொதுவா ஒரிஜினல் பேடோட அளந்து போட்டது. பேடை மாத்தினா அந்த செட்டிங் உனக்குப் பொருந்தாது.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்ல மட்டும் விளையாடவே வேண்டாம். கப்புக்குள்ள இருக்குற மைக் பேட் அடைச்சு நிக்கும்னு நம்பித்தான் வேலை செய்யுது. அதுக்குக் கம்பெனி பேடையே வாங்கு, விலை கூடுதலா இருந்தாலும் பரவாயில்லை.