நெட் நின்றால் எங்கே தேடுவது? வீட்டு வைஃபைக்கு ஒரு வழிகாட்டி

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களுக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதன்பின் மாதக்கணக்கில் வடிவமைப்பாளர் வீட்டுக்கும் அச்சகத்துக்கும் இடையே கோப்புகள் போய் வந்துகொண்டே இருக்கும். பட்டாசு ஆர்டர், லாரி புக்கிங், ஜிஎஸ்டி பில் எல்லாம் குவிவதும் இதே காலத்தில்தான். இந்த நேரத்தில் நெட் நின்றால் வீட்டிலேயே வேலை பார்ப்பவரின் பிழைப்பும் நின்றுபோகும்.

அந்தப் பதற்றத்தில் பலரும் செய்வது இரண்டு காரியம்: ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவது, அல்லது புது ரவுட்டர் வாங்குவது. கோளாறு தெருக்கம்பத்தில் இருந்தால் இரண்டாலும் பயனில்லை. பணம் போவதுதான் மிச்சம். நெட் நம் செல்போனுக்கு வந்து சேர நான்கு கட்டங்களைத் தாண்டுகிறது: நிறுவனத்தின் நிலையம், தெருவிலிருந்து வீட்டுப் பெட்டிவரை வரும் ஃபைபர், அந்தப் பெட்டி, பெட்டியிலிருந்து கருவிவரையிலான வைஃபை. எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் செய்து பார்க்கலாம்.

படி 1: ஒரு கருவிக்கா, எல்லாவற்றுக்குமா?

முதலில் வீட்டில் உள்ள இன்னொரு செல்போனிலோ டிவியிலோ நெட் வருகிறதா என்று பாருங்கள். அதில் வந்தால், குறை உங்கள் கையில் உள்ள கருவியில்தான். அந்தக் கருவியில் வைஃபை பெயரை 'மறந்துவிடு' என்று நீக்கி, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். எந்தக் கருவியிலும் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அதே கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கிய வீடுகள் எல்லாவற்றிலும் நின்றிருந்தால், உங்கள் வீட்டுக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டணக் கெடு முடிந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 2: பெட்டியின் விளக்குகளைப் படியுங்கள்

ஃபைபர் பெட்டியின் முகப்பில் எரியும் சிறு விளக்குகள் பாதி நோயைச் சொல்லிவிடும். 'பவர்' எரியவில்லை என்றால் அடாப்டரையோ பிளக்கையோ பாருங்கள். 'பான்' என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் நிலையத்தோடு ஒளித்தொடர்பு சரியாக இருக்கிறது என்று பொருள். 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபரில் ஒளி வரவில்லை. இது இரண்டாவது கட்டத்தின் கோளாறு.

சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டுக்குள் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் செய்துவிடுங்கள். சுவர்ப்பெட்டியிலிருந்து வரும் மெல்லிய பேட்ச் கார்டு எங்காவது மடங்கியிருக்கிறதா, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபரின் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடக்கினால் ஒளி அந்த இடத்திலேயே கசிந்துவிடும். எலியும் அணிலும் கடித்த தடம் உண்டா, உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி இழுத்து வாசல் கேபிள் தொய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். அறுந்திருந்தால் இழைகளை உருக்கி ஒட்ட அதற்கென்றே உள்ள இயந்திரம் வேண்டும். அது லைன்மேன் வேலை. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடியது.

லைன்மேன் வந்தால் ஒளியின் அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபான் வகை இணைப்புகளில் வழக்கமான பெட்டிகள் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரையிலான ஒளியை ஏற்கும். மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் இன்று வேலை செய்யும், நாளை விட்டுவிட்டு வரும். அப்படி இருந்தால் இணைப்பு முனைகளைத் துடைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

படி 3: முறையாக ஒருமுறை அணைத்துப் போடுங்கள்

சிவப்பு விளக்கு இல்லை, ஆனாலும் நெட் இல்லை என்றால் பெட்டியை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்குகள் நிலைக்குவர இரண்டு மூன்று நிமிடமாவது பொறுங்கள். ஒருமுறை போதும். பின்பக்கம் உள்ள சின்னத் துளையில் குச்சியை விட்டு 'ரீசெட்' அழுத்தாதீர்கள். அது நிறுவனம் உள்ளே பதிந்த அமைப்புகளையும் அழித்துவிடக்கூடும். பிறகு ஆள் வந்தால்தான் இணைப்பு மீளும்.

படி 4: கரன்ட்டையும் வெயிலையும் சந்தேகியுங்கள்

இன்வெர்ட்டர் இருந்தும் கரன்ட் போகும்போதெல்லாம் நெட் அறுந்து, சில நிமிடம் கழித்து வருகிறதா? மின்சாரம் கைமாறும் அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்றைப் பொருத்தினால் தீரும். வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பராமரிப்புக்காகப் பகலெல்லாம் மின்தடை செய்யும் நாளில் மட்டும் நெட் நின்றால், கேபிள்காரரின் நிலையத்தில் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

அடுத்தது வெயில். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் 40 டிகிரி செல்சியஸ்தான் வெப்ப வரம்பு என்று அட்டைப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். கத்திரி வெயில் காலத்தில் விருதுநகர், சாத்தூர் பக்கம் மொட்டை மாடித் தகர அறையின் சூடு அந்த வரம்பைத் தாண்டிவிடும். பிற்பகலில் மட்டும் வேகம் குறைந்து, இரவில் சரியானால் ரவுட்டரைப் பரணிலிருந்து இறக்குங்கள். செட் டாப் பாக்ஸ் மேலே அடுக்காமல், காற்றுப்படும் இடத்தில் தனியாக வையுங்கள்.

படி 5: லேன் கேபிள் போட்டு அளவெடுங்கள்

நெட் வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். குறை வைஃபையிலா லைனிலா என்று பிரிக்க ஒரே வழி, மடிக்கணினியை லேன் கேபிளால் நேராகப் பெட்டியில் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுப்பது. கேபிளில் முழு வேகம் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, வைஃபைதான் காரணம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருக்கும் வீட்டில் கேபிளில் எப்போது அளந்தாலும் 94, 95 என்றே வந்தால், கம்பனியைத் திட்டுமுன் கேபிளைப் பாருங்கள். லேன் கேபிளுக்குள் 4 ஜோடிக் கம்பிகள் உள்ளன. ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும். ரவுட்டரின் துளையே 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் இதே கதைதான்.

எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கோப்பின் அளவோ மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 1 ஜிபி காலண்டர் கோப்பை 100 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப சுமார் 80 நொடி ஆகும். வைஃபை பலவீனமாகி 20 எம்பிபிஎஸ்தான் கிடைத்தால் அதே கோப்புக்கு 400 நொடி, ஏறக்குறைய 7 நிமிடம். பதிவேற்ற வேகம் சில திட்டங்களில் பதிவிறக்கத்தைவிடக் குறைவு; அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் திட்டம் எடுக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 6: வைஃபைக்கு இடமும் சேனலும்

பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். 5 வேகமானது, செங்கல் சுவர் இரண்டு குறுக்கிட்டாலே தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, பின்கட்டில் 2.4 என்று பயன்படுத்துவது பொருத்தம்.

ஒடுங்கிய முகப்பும் நீண்ட உள்கட்டும் கொண்ட வீட்டில் வாசல் அறையில் ரவுட்டரை வைத்தால் அடுப்படிக்கு எட்டாது. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, கண்ணாடி, மைக்ரோவேவ் அடுப்பு இவற்றின் பக்கம் வேண்டாம். அச்சகத்தோடு சேர்ந்த வீடு என்றால் ஆள் உயரக் காகிதக் கட்டுகளும் இரும்பு எந்திரங்களும் அலையை மறிக்கும்.

வீடுகள் நெருங்கிய தெருக்களில் ஒரே சேனலில் பத்து ரவுட்டர்கள் மோதிக்கொள்ளும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. வைஃபை அனலைசர் செயலியில் பார்த்து, கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். பின்கட்டுக்கு அலை எட்டவே இல்லை என்றால் லேன் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பதே உறுதியான தீர்வு.

பட்டாசு ஆலை நடத்துவோர் இதில் ஒரு எல்லையை மீறக்கூடாது. மருந்து கலக்கும், அடைக்கும் அறைகளுக்குள் செல்போனே ஆகாது. ஆபீஸ் வைஃபையை அங்கே நீட்டுகிறேன் என்று ரிப்பீட்டரோ ஒயரோ கொண்டுபோக வேண்டாம். உரிமத்தில் காட்டிய அலுவலகக் கட்டடத்தோடு நெட் நிற்கட்டும்.

படி 7: வைஃபை முழுசாக இருந்தும் பக்கம் திறக்கவில்லையா?

கணினியின் கட்டளைத் திரையில் ஆங்கிலத்தில் 'பிங்' என்று நான்கெழுத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வந்தும் இணையதளங்கள் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையில்தான் தடங்கல். ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். கணினியின் ஐபி எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரி தரவில்லை. இணைப்பைத் துண்டித்து மீண்டும் சேருங்கள்.

படி 8: இடி மின்னல் நாளில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி கேட்டதும் அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபைபர் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கேபிளைத் தாங்கும் இரும்புக் கம்பியும், மாடிக்கு மாடி இழுத்த லேன் கேபிளும் கடத்தும்.

படி 9: புகார் எண் இல்லாமல் புகார் இல்லை

இத்தனைக்குப் பிறகும் தீராவிட்டால், கேபிள்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பியதோடு நிற்காமல், சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். எந்த விளக்கு எப்படி எரிகிறது, லேன் கேபிளில் எவ்வளவு வேகம், எந்த நேரத்தில் நிற்கிறது என்ற மூன்றையும் சொன்னால் சரியான ஆளைச் சரியான கருவியோடு அனுப்புவார்கள். அதன்பிறகும் தீர்வு திருப்தியாக இல்லையென்றால், டிராய் அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.